விடுதிக் கம்பனியோடு உடன்படிக்கை: கையெழுத்துக்கு முன் எதைக் கேட்க வேண்டும்?

நிலாவெளிக்கரை எழுதியது (ஜனவரி 11):

உறவுகள் எல்லோருக்கும் வணக்கம். நிலாவெளிப் பக்கத்தில் இயங்கும் சிறியதொரு சுற்றாடல் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். சங்கத்தின் பெயரையோ கம்பனியின் பெயரையோ இங்கே எழுத வேண்டாம் என்பது எங்கள் நிர்வாக சபையின் முடிவு. தயவுசெய்து யாரும் ஊகித்து எழுத வேண்டாம்.

பதினொரு ஆண்டுகளாகக் கரையைத் துப்புரவாக்குவது, களப்போரத்தில் கண்டல் நடுவது, பாடசாலைப் பிள்ளைகளைப் புறாமலைத் தீவுக்கு அழைத்துச் சென்று பவளப்பாறை எப்படி வளர்கிறது என்று காட்டுவது ஆகியவற்றைச் செய்து வருகிறோம். எங்களுக்கு வந்துகொண்டிருந்த சிறிய நிதி ஒரு சர்வதேச நிறுவனத்தின் ஊடாக வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியபோது அந்த நிறுவனத்தின் கை இறுகியது, எங்கள் பணமும் நின்றது. அலுவலக வாடகையை இப்போது பொருளாளர் தன் பையிலிருந்து கொடுக்கிறார்.

இந்த நேரத்தில்தான் எங்கள் கரையில் விடுதி நடத்தும் கம்பனியொன்று எங்களைத் தேடி வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் தருவார்களாம். நாங்கள் வாரத்தில் மூன்று நாட்கள் கரையைத் துப்புரவாக்க வேண்டும். எங்கள் மேற்சட்டையிலும் குப்பைத் தொட்டிகளிலும் அவர்களுடைய சின்னம் இருக்க வேண்டும். உடன்படிக்கை வரைவு ஆறு பக்கம், முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் இரண்டு இடங்கள் என்னை உறுத்துகின்றன. ஒருவரின் நற்பெயருக்குப் பங்கம் வரும்படி மற்றவர் எந்தக் கூற்றையும் வெளியிடக் கூடாது என்று ஏழாம் பிரிவு சொல்கிறது. பின்னிணைப்பில், விருந்தினர் கரையை அனுபவிப்பதற்கு இடையூறு நேராத வகையில் 'கரையிலுள்ள செயற்பாடுகளை ஒழுங்கமைக்க' நாங்கள் உதவ வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் சொல்லப்படும் கரைத்துண்டில் இரண்டு கரைவலைப் பாடுகள், அதாவது கரையில் நின்று வலை இழுக்கும் இடங்கள், இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் கடல் அமைதியாகி வலை இழுக்கும் மாதங்களும் வெள்ளைக்காரர்கள் வந்து சாய்ந்து கிடக்கும் மாதங்களும் ஒன்றே என்பது உங்களுக்குத் தெரியும்.

நிர்வாக சபையில் நான்கு பேர் கையெழுத்திடலாம் என்கிறார்கள், மூன்று பேர் வேண்டாம் என்கிறார்கள். எனக்கு இன்னும் முடிவில்லை. இப்படிப்பட்ட நிலையைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.


உவர்மலையான் எழுதியது (ஜனவரி 11):

கையெழுத்திட வேண்டாம், தங்கச்சி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். ஒருவன் வீட்டில் கை நனைத்த பிறகு அவன் வீட்டுச் சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று கேட்க நமக்கு நா எழாது. ஏழாம் பிரிவு இல்லாவிட்டாலும் அதுதான் நடக்கும். அந்தப் பிரிவு இருப்பதால் அது எழுத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.


கோட்டைவாசல் எழுதியது (ஜனவரி 12):

உவர்மலையானின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் விலகி நிற்பது ஒன்றே வழி என்று நான் நினைக்கவில்லை. முப்பது ஆண்டுகள் இந்த மாவட்டத்தில் அரசசார்பற்ற நிறுவனங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'கம்பனியோடு வேலை செய்கிறோம்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டாத காரியங்கள் கிடக்கின்றன. அவர்களிடம் பணம் வாங்கி ஒரு வேலையைச் செய்துகொடுப்பது ஒன்று. பணம் வாங்காமல், அவர்கள் தங்கள் தொழிலை நடத்தும் முறையை மாற்றுவதற்கு உட்கார்ந்து ஆலோசனை சொல்வது வேறொன்று. ஊருக்காக அவர்களோடு பேரம் பேசுவது இன்னொன்று. தள்ளி நின்று அவர்கள் செய்வதைக் கவனித்து, தவறினால் ஊருக்கும் அரசுக்கும் சொல்வது அதற்கும் அப்பால். எந்தச் சங்கமும் இவற்றில் எதையும் செய்யலாம். ஒரே சங்கம், ஒரே கம்பனியிடம், ஒரே நேரத்தில் கூலியும் வாங்கிக் காவலும் இருக்க முடியாது. உங்கள் வரைவு உங்களைத் துப்புரவு வேலைக்கு அமர்த்துகிறது. பின்னிணைப்பு உங்களைக் கரைவலைக்காரர்களுக்கு எதிரான காவலாளியாகவும் அமர்த்துகிறது. ஏழாம் பிரிவு கம்பனிக்கு எதிரான காவலிலிருந்து உங்களை விலக்கி வைக்கிறது. மூன்றையும் பிரித்து வாசித்தால் ஒவ்வொன்றும் சாதாரணமாகத் தெரியும்.

பணம் வாங்காமல் கூட்டுச் சேர்ந்ததற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. 1990இல் அமெரிக்காவில் என்வயரன்மென்டல் டிபென்ஸ் பண்ட் என்ற அமைப்பு மக்டொனால்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, அதன் கடைகளில் உருவாகும் குப்பையைக் குறைப்பது எப்படி என்று ஆராய்ந்தது. அமைப்பு ஒரு சதமும் வாங்கவில்லை, தன் செலவைத் தானே பார்த்தது. இணக்கம் வராவிட்டால் ஒவ்வொரு தரப்பும் தன் கருத்தைத் தனியாக வெளியிடலாம் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டார்கள். அமைப்பின் ஆட்கள் கடையின் சமையலறையில் ஒரு நாள் நின்று வேலையும் பார்த்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நுரைப் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கைவிடுவதாகக் கம்பனி அறிவித்தது. அப்போதும் சூழலியலாளர்கள் பலர் அந்த அமைப்பை விலைபோனவர்கள் என்றே திட்டினார்கள். கிரீன்பீஸ் போன்றவை இன்றுவரை கம்பனிப் பணத்தையும் அரசுப் பணத்தையும் தொடுவதில்லை. ஆனால் அந்த அமைப்புகளுக்கு ஆயிரக்கணக்கான தனி மனிதர்கள் சந்தா கட்டுகிறார்கள். வாடகையைப் பொருளாளரின் பையிலிருந்து கொடுக்கும் சங்கத்துக்கு அந்தக் கண்டிப்புக் கட்டுப்படியாகாது என்பதையும் நான் மறக்கவில்லை.

நம்மூரில் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கம்பனிகளும் தொண்டு நிறுவனங்களும் போட்டி போட்டு வள்ளம் கொடுத்தார்கள். என்ன வள்ளம் வேண்டும், எந்தக் கடலுக்கு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சிறிய பைபர் வள்ளங்கள் தேவைக்கு மேல் வந்து குவிந்தன. நான் வேலை செய்த ஒரு கிராமத்தில் இரு பக்கமும் கொடுத்தவரின் சின்னம் வரைந்த வள்ளமொன்று இரண்டு ஆண்டுகள் தென்னைக்குக் கீழே கிடந்தது. அதற்குள் ஒரு கோழி அடைகாத்ததை நானே பார்த்தேன். கொடுத்தவரின் ஆண்டறிக்கையில் அந்த வள்ளம் நிச்சயமாக ஒரு வெற்றியாகவே பதிவாகியிருக்கும். அந்தக் கூட்டுவேலையில் எங்கள் நிறுவனமும் கையெழுத்திட்டிருந்தது. வள்ளங்களைப் பெற்றுக்கொண்டவர்களின் பட்டியலைத் தயாரித்தவனே நான்தான். கடலோடிகளை முதலில் கூட்டி வைத்துக் கேட்டிருந்தால் ஒரு பின்னேரத்தில் தெரிந்திருக்கும். கேட்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை, ஏனென்றால் ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்துக் காட்ட வேண்டியிருந்தது.

ஆகவே தங்கச்சி, கம்பனிக்குப் பதில் எழுதுவதற்கு முன் உங்கள் பொதுக்கூட்டத்தைக் கூட்டுங்கள். நாங்கள் எதை ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பதை அங்கே எழுதிக் குறிப்பேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். பேரத்துக்குப் போன பிறகு அதை எழுதினால் அது ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வரி குறையும்.


கணக்கப்பிள்ளை எழுதியது (ஜனவரி 12):

நான் மேசையின் மறுபக்கத்திலிருந்து வருகிறேன். இதே கரையோரத்தில் ஒரு விடுதியில் ஒன்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தேன். இப்போது இல்லை, அதனால் எழுத முடிகிறது. கம்பனியை ஒரே தலையும் ஒரே எண்ணமும் உள்ள ஆளாக நினைத்துக்கொண்டு இங்கே பேசுகிறீர்கள்; உள்ளே இருப்பவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கும்.

முதலில் ஏழாம் பிரிவு. அதை யாரும் உங்களுக்காக உட்கார்ந்து எழுதியிருக்கமாட்டார்கள். கொழும்பில் சட்டப் பிரிவிடம் ஓர் அச்சு இருக்கும். எங்களுக்கு முட்டை கொண்டுவந்து போட்ட மனிதருடைய ஒப்பந்தத்திலும் அதே பிரிவு இருந்தது. அவர் எங்கள் நற்பெயருக்கு என்ன பங்கம் விளைவித்திருக்கப் போகிறார்? ஆகவே மாற்றச் சொல்லிக் கேட்க அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள், ஏனென்றால் அந்தப் பிரிவு எதற்கு அங்கே இருக்கிறது என்று உள்ளூர் முகாமையாளருக்கே தெரியாது.

பின்னிணைப்பு அப்படியல்ல. அச்சில் இல்லாத ஒன்று வரைவில் இருந்தால், அதை யாரோ கேட்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில் அது விருந்தினரை வரவேற்கும் முன்மண்டபத்திலிருந்து வரும்: காலையில் வலை இழுக்கும் சத்தம், மீன் வாடை, கயிறு தடக்கி விழுந்த விருந்தினர் ஒருவர் இணையத்தில் எழுதிய நட்சத்திரம் குறைந்த விமர்சனம். சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கிய பணத்தால் இந்தத் தலையிடியையும் சேர்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று யாரோ ஒருவர் புத்திசாலித்தனமாக நினைத்திருப்பார். அந்த ஒருவர் யாரென்று கண்டுபிடித்து அவரிடம் நேரடியாகப் பேசுங்கள். உங்களிடம் வந்து புன்னகைக்கும் சமூகப் பொறுப்பு அலுவலரிடம் அதைப் பேசிப் பயனில்லை. அவருக்கு வேண்டியது ஆண்டறிக்கைக்கு ஒரு படம்.

இன்னொன்று. துப்புரவாக்கும் குப்பை எங்கிருந்து வருகிறது என்று உங்கள் சங்கம் என்றாவது எடைபோட்டுப் பார்த்ததுண்டா? ஒரு பருவத்தில் எங்கள் விடுதி வாங்கிய தண்ணீர்ப் போத்தல்களின் பற்றுச்சீட்டு என் கையால் போனது. அந்தப் போத்தல்களில் ஒரு பங்கைக் காலையில் கரையில் பொறுக்குவதற்கு உங்களைப் போன்றவர்களுக்குப் பணம் கொடுத்து, அதற்குப் படமும் எடுத்தோம். கண்ணாடிப் போத்தலில் நிரப்பித் தரும் ஓர் இயந்திரம் வைத்திருந்தால் அந்தச் செலவு இரண்டு பருவத்தில் திரும்பியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். வேறொரு பிரிவின் செலவில் வேறொரு பிரிவு மிச்சம் பிடிப்பதை யாரும் விரும்பவில்லை. நீங்கள் கேட்க வேண்டியது அந்த இயந்திரத்தை. பன்னிரண்டு இலட்சம் அதற்குப் பிறகு.


உவர்மலையான் எழுதியது (ஜனவரி 12):

கணக்கப்பிள்ளை, முட்டைக்காரர் கதையை நான் நம்புகிறேன். ஆனால் முட்டைக்காரர் கையெழுத்திட்டால் முட்டை மட்டும்தான் கட்டுப்படும். ஊர்ச் சங்கம் கையெழுத்திட்டால் ஊரின் வாய் கட்டுப்படும். அச்சில் இருப்பதால் அது குற்றமற்றது ஆகிவிடாது.


கொட்டியாரம் எழுதியது (ஜனவரி 13):

சம்பூர்ப் பக்கத்தவள் நான். இங்கே எல்லோரும் விடுதியைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் கம்பனி என்ற சொல்லுக்கு வேறு பொருள். 2006இல் ஊரை விட்டுத் துரத்தப்பட்டோம். நாங்கள் முகாமில் இருந்த காலத்தில் எங்கள் நிலத்தில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைக்க இந்தியாவின் அரசுக் கம்பனியும் இலங்கை மின்சார சபையும் கூட்டுக் கம்பனி தொடங்கின. யாரும் எங்களிடம் புரிந்துணர்வு உடன்படிக்கை வரைவோடு வரவில்லை. பேச அழைப்பே வராத இடத்தில் 'கம்பனியோடு எப்படிப் பேசுவது' என்ற கேள்வி எழுவதில்லை.

அப்போது வேலை செய்தவை வேறு. ஊர் மக்கள் வீதியில் நின்றார்கள், திருகோணமலையிலிருந்த அமைப்புகள் எழுதிக்கொண்டே இருந்தன, கொழும்பில் ஒரு சூழலியல் அமைப்பு வழக்குப் போட்டது. 2016 செப்டெம்பரில் அந்த மின்நிலையம் சம்பூரில் அமையாது என்று அரசுத் தரப்பு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. வென்றது தனியாக யார் என்று நான் சொல்லமாட்டேன். இரு நாட்டு அரசுகளின் கணக்குகளும் அதில் இருந்தன. ஆனால் அந்த அமைப்புகளில் ஒன்றாவது அந்தக் கம்பனியிடம் குப்பைத் தொட்டிக்குப் பணம் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

இப்போது அதே சம்பூரில் சூரிய மின்திட்டம் வருகிறது, 2025 ஏப்ரலில் தொடக்க விழாவும் நடந்தது. நிலக்கரிக்கு எதிராக நின்ற நாங்கள் சூரிய ஒளிக்கு எதிராக நிற்பதில்லை. எங்களுக்கு இப்போது பேச வேண்டியிருக்கிறது: மேய்ச்சல் தரை, பாதை, இளைஞர்களுக்கு வேலை. எதிர்த்துப் பழகிய எங்களுக்குப் பேசத் தெரியவில்லை என்பதை இந்த ஆண்டுதான் உணர்ந்தேன். அதனால் கோட்டைவாசல் ஐயாவின் பதிலை இரண்டு முறை வாசித்தேன்.


மருதனார் எழுதியது (ஜனவரி 13):

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறுக்கீடு. சுன்னாகத்தில் கிணற்று நீரில் கழிவெண்ணெய் கலந்த விடயத்தில், ஆண்டுக்கணக்காகக் குழுக்கள் கூடின, அறிக்கைகள் ஒன்றையொன்று மறுத்தன. கடைசியில் 2019இல் உயர் நீதிமன்றம்தான் மின்உற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பேச்சுவார்த்தை என்பது பல நேரம் காலத்தை இழுத்தடிக்கும் தந்திரம். இதை மனத்தில் வையுங்கள்.


நொத்தாரிசு எழுதியது (ஜனவரி 14):

மருதனார் சொன்னது சரி, ஆனால் வழக்கும் ஆண்டுக்கணக்காகத்தான் இழுபடுகிறது. நீதிமன்றத்துக்குப் போகும் வழி திறந்திருக்கிறது என்று மறுதரப்புக்குத் தெரியும்போதுதான் பேச்சுவார்த்தைக்கே மதிப்பு வருகிறது. எப்பாவல என்ற ஊரின் பொசுபேற்றுக் கனிமத்தை அகழ ஒரு கம்பனிக்குக் கொடுக்கவிருந்ததை எதிர்த்த வழக்கில் 2000ஆம் ஆண்டு அவ்வூர் விவசாயிகளும் ஒரு பிக்குவும் பெற்ற தீர்ப்பு இந்நாட்டில் எந்தச் சிறு சங்கமும் எந்தப் பெரிய கம்பனியையும் நிமிர்ந்து பார்ப்பதற்கான அடித்தளம். இயற்கை வளத்தை அரசு மக்களுக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கிறது, தான் நினைத்தபடி தூக்கிக் கொடுத்துவிட முடியாது என்பது அதன் சாரம்.

இனி நிலாவெளிக்கரைக்கு நேரடியாக. கம்பனியோடு மேசையில் அமர்வதற்கு முன் கம்பனியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் அபிவிருத்தி வேலை செய்ய 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். விடுதிக்கு என்ன அனுமதி கிடைத்தது, எந்த நிபந்தனைகளோடு கிடைத்தது, புதிதாக ஏதாவது விண்ணப்பம் கிடப்பில் இருக்கிறதா என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கரையோரத் திணைக்களத்திடம் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். தனியார் கம்பனியிடம் நேரே கேட்பதற்கு அந்தச் சட்டம் பெரிதும் உதவாது. உரிமம் கொடுத்த திணைக்களத்திடம் கேட்பதுதான் வழி. வெளிநாட்டு அரசிடமோ சர்வதேச நிறுவனத்திடமோ கணிசமாக நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அரசசார்பற்ற நிறுவனங்களும் அதே சட்டத்துக்குள் அடங்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். மற்றவர்களிடம் கேட்கும் முன் நமது கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருக்கட்டும்.

ஏழாம் பிரிவுக்குப் பதிலாக நான் எழுதுவது இப்படி இருக்கும்: 'சுற்றாடல், கரையோரப் பயன்பாடு, தொழிலாளர் நலன் ஆகியவை பற்றிச் சங்கம் உண்மையென நம்பும் எதையும் எந்த அதிகாரியிடமும் பொதுவெளியிலும் கூறும் உரிமையை இவ்வுடன்படிக்கையின் எந்தப் பிரிவும் கட்டுப்படுத்தாது, அவ்வாறு கூறியதைக் காரணமாகக் கொண்டு கொடுப்பனவு நிறுத்தப்படவும் மாட்டாது.' இரண்டாவது பாதி முக்கியம். உரிமையைக் கொடுத்துவிட்டுக் காசோலையைப் பிடித்து வைப்பதுதான் வழக்கம். தமிழ்ப் பிரதி ஒன்றும் வேண்டும், இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் தமிழ்ப் பிரதியே செல்லும் என்ற வரியும் வேண்டும். மறுத்தால், உங்கள் பொதுக்கூட்டத்தில் வாசித்துக் காட்ட முடியாத பத்திரத்தில் உங்கள் தலைவர் கையெழுத்திட முடியாது என்று சொல்லுங்கள். அது சாக்கு அல்ல, உண்மை.


கிண்ணியா வலை எழுதியது (ஜனவரி 15):

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் கடற்தொழில் செய்பவன், கரைவலையிலும் நின்றிருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி. செயலாளர் தங்கச்சி, உங்கள் நிர்வாக சபையில் ஏழெட்டுப் பேர் என்று தெரிகிறது. அதில் எத்தனை பேர் வலை இழுப்பவர்கள்?

இதைக் குற்றமாகக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துச் சங்கங்களிலும் ஆசிரியர், கிளார்க், ஓய்வுபெற்ற அதிபர் என்றுதான் இருப்பார்கள், ஏனென்றால் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்தக் கரைவலைப் பாட்டில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இருக்கிறார், வலை இழுப்பதை நடத்தும் தண்டயல் இருக்கிறார், கயிறு பிடிக்கிற இருபது இருபத்தைந்து பேர் பங்குக்கு நிற்கிறார்கள். ஒரு நாள் வலையின் மடியில் சூடை மீனும் கீரி மீனும் நிறைந்து வரும். மூன்று நாள் சாதாழைப் பாசியும் சொறிமுட்டையும்தான் வரும். அந்தக் கரையைப் பற்றிய பத்திரத்தில் அவர்களுடைய பெயரே இல்லாமல் நீங்கள் இரண்டு தரப்பும் 'செயற்பாடுகளை ஒழுங்கமைக்க' உட்காருகிறீர்கள். கம்பனி உங்களைத் தேடி வந்ததே அவர்களிடம் போகாமல் காரியத்தை முடிப்பதற்காக இருக்கலாம் என்று யாராவது யோசித்தீர்களா?


கோட்டைவாசல் எழுதியது (ஜனவரி 15):

தம்பி கேட்ட கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். வள்ளத்தில் கோழி அடைகாத்த கதையை எழுதிவிட்டு அதே பிழையை இங்கே பார்க்காமல் விட்டேன்.


நொத்தாரிசு எழுதியது (ஜனவரி 16):

கிண்ணியாச் சகோதரரின் கேள்வியால் எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. பங்களாதேஷில் 2013 ஏப்ரல் 24 அன்று ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் அதிகமான தையல் தொழிலாளர்கள் இறந்த பிறகு, கட்டடப் பாதுகாப்புக்கான உடன்படிக்கை ஒன்று வந்தது. சட்டப்படி கட்டுப்படுத்தும் அந்த உடன்படிக்கையில் ஒரு பக்கம் ஆடைக் கம்பனிகள், மறுபக்கம் தொழிற்சங்கங்கள். தொழிலாளர் உரிமைக்காக உழைத்த தொண்டு அமைப்புகள் தரப்பினராகக் கையெழுத்திடவில்லை, சாட்சிகளாகக் கையெழுத்திட்டன. பாதிக்கப்படுபவர் பேரம் பேசினார், அமைப்பு பக்கத்தில் நின்று கவனித்தது.

உங்கள் விடயத்திலும் இரண்டு பத்திரங்களாகப் பிரித்தால் என்ன? துப்புரவு வேலைக்கு உங்கள் சங்கமும் கம்பனியும் செய்யும் சிறிய ஒப்பந்தம் ஒன்று. கரையைப் பகிர்ந்துகொள்வது பற்றிக் கரைவலைக்காரர்களும் கம்பனியும் செய்யும் வேறொன்று. அதில் நீங்கள் சாட்சி மட்டும். முதலாவது கிழிந்தாலும் இரண்டாவது நிற்க வேண்டும், இரண்டாவதில் பிணக்கு வந்தாலும் முதலாவதின் பணம் நிற்கக் கூடாது.


கணக்கப்பிள்ளை எழுதியது (ஜனவரி 16):

கம்பனி இதை விரும்பாது. சங்கத்தோடு செய்யும் ஒப்பந்தம் நற்பணி. கரைவலைக்காரர்களோடு செய்யும் ஒப்பந்தம் அவர்களுடைய உரிமையை எழுத்தில் ஏற்றுக்கொள்வது. சட்டப் பிரிவு இரண்டாவதைப் பார்த்ததும் பதறும். ஆனாலும் கேளுங்கள். எதைக் கேட்டதும் முகம் மாறுகிறது என்று பார்ப்பதற்காகவேனும் கேட்க வேண்டும்.


நிலாவெளிக்கரை எழுதியது (பெப்ரவரி 21):

தாமதத்துக்கு மன்னியுங்கள். கிண்ணியா அண்ணனின் கேள்விக்குப் பதில்: ஒருவருமில்லை. அதை எழுத வெட்கமாக இருந்ததால்தான் இத்தனை நாள் இங்கே வரவில்லை.

தை மாத முடிவில் கரைவலைக்காரர்களின் கடற்கரைக் குடிலான வாடியிலேயே கூட்டம் வைத்தோம். பதினெட்டுப் பேர் வந்தார்கள். வரைவின் பின்னிணைப்பை நான் தமிழில் வாசித்தேன். சம்மாட்டி கோபப்படவில்லை, அவர் சிரித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விடுதியிலிருந்து ஒருவர் வந்து, வாடியை வடக்கே தள்ளி அமைத்தால் புதிய ஓலையும் மரமும் தருவதாகத் தன்னிடம் கேட்டதாகவும், தான் மறுத்துவிட்டதாகவும் சொன்னார். அதே ஊரில் இருந்துகொண்டு எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அன்று முடிவானவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, எழுத வராதவர்களிடம் பெருவிரல் அடையாளமும் வாங்கிக்கொண்டோம். பின்னிணைப்பு வேண்டாம். ஏழாம் பிரிவுக்குப் பதிலாக நொத்தாரிசு எழுதித் தந்த வரி வேண்டும். பொறுக்கும் குப்பையை எடைபோட்டு, எந்த வகை எவ்வளவு என்ற கணக்கை மாதந்தோறும் வாடியின் பலகையில் ஒட்டுவோம், விடுதியின் போத்தல் உட்பட. கரைவலைப் பாட்டின் எல்லை பற்றிய பத்திரம் தனி.

கம்பனியிடமிருந்து பதில் வந்துவிட்டது. தமிழ்ப் பிரதிக்குச் சம்மதம். ஏழாம் பிரிவைப் பற்றிக் கணக்கப்பிள்ளை சொன்னது அப்படியே நடந்தது. முகாமையாளர் அதை எங்கள் முன்னால்தான் முதன்முறையாக வாசித்தார். 'கொடுப்பனவு நிறுத்தப்படமாட்டாது' என்ற பாதியை மட்டும் கொழும்பு இன்னும் ஏற்கவில்லை. போத்தல் கணக்கைப் பலகையில் ஒட்டுவது பற்றி முகம் சுளித்தார்கள், மறுக்கவில்லை. பாட்டின் எல்லை பற்றிய பத்திரத்துக்கு மறுப்பு: அது திணைக்களத்தின் வேலை, தங்கள் வேலையல்ல என்கிறார்கள். எங்கள் தகவல் விண்ணப்பத்துக்குத் திணைக்களத்தின் பதிலும் இன்னும் வரவில்லை.

ஆகவே இன்றுவரை எதிலும் கையெழுத்திடவில்லை. பொருளாளர் பெப்ரவரி வாடகையையும் கொடுத்துவிட்டார். அவருக்கு நாங்கள் பட்ட கடன் வளர்கிறது, சபையில் இன்னும் இரண்டு பேர் 'அந்த எல்லைப் பத்திரத்தை விட்டுவிட்டுப் பணத்தை எடுப்போம்' என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

நிர்வாக சபையில் இரண்டு இடங்களைக் கரைவலைக்காரர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். தண்டயல் ஒன்றில் அமர்கிறார். பங்குனியில் கடல் இளகி முதல் வலை இறங்கும் நாளில் காலை ஆறு மணிக்கு முகாமையாளரை வாடிக்கு வரச் சொல்லியிருக்கிறோம். சமூகப் பொறுப்பு அலுவலர் வேண்டாம், அவரே வர வேண்டும் என்று கேட்டோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார். சாய்வு நாற்காலி போடும் இடத்தின் வரைபடத்தை அவர் கொண்டுவருகிறார். அதில் மீற்றரில் இருப்பதை, விரித்த இரு கைகளின் நீளமான பாகத்தில் அளந்து பார்ப்பதற்குத் தண்டயல் தன் கயிற்றைக் கொண்டுவருகிறார்.